அறிதலும் அடைக்கலமும்: விளையாட்டு வீரரின் அந்தரங்கம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஓட்டப் போட்டியொன்றில் முதலாவதாக வந்தவர் யார், அவர் எத்தனை செக்கனில் ஓடி முடித்தார் என்பவற்றை அறியும் உரிமை பார்வையாளர் அனைவருக்கும் உண்டு. விளையாட்டுப் பலர் முன்னிலையில் நிகழ்வது. அதன் பெறுபேறும் பொதுவானது. ஆயின், வென்றவரின் குருதியில் எவ்வெப் பொருள்கள் கலந்துள்ளன, அவர் எந்நோய்க்கு எம்மருந்தை உட்கொள்கிறார், நேற்றிரவு எங்கே உறங்கினார் என்பவற்றை அறியும் உரிமை யாருக்கு உண்டு? இம்மூன்றையும் அறிந்து பதிவுசெய்து வைத்திருக்கும் நிறுவனங்கள் இன்று உள்ளன. அவை களவாக அறியவில்லை. விதிகளின்படி, வீரரின் கையொப்பத்துடனேயே அறிகின்றன. அங்ஙனம் அறிதல் அறத்துக்கு ஒத்ததா, ஒத்ததாயின் அதன் எல்லை எது, அறிந்தவர் மீது விழும் கடமை யாது என்பன ஆராய்தற்குரியன.

அந்தரங்கம் என்பதை இரகசியம் என்பதோடு ஒன்றாக எண்ணுவோர் பலர். இரண்டும் ஒன்றல்ல. ஒருவர் தம் நோயை மருத்துவரிடம் கூறுகிறார், உடன்பிறந்தாரிடம் கூறுகிறார், தொழில் தருபவரிடம் கூறாது விடுகிறார். இங்கு நோய் இரகசியமாக இல்லை. எவர் அறியலாம், எவர் அறியலாகாது என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் உரியவரிடம் இருக்கிறது, அவ்வளவே. அவ்வாற்றலே அந்தரங்கம் எனப்படுவது. 1890 இல் அமெரிக்கச் சட்ட அறிஞரான சாமுவேல் வாறனும் லூயி பிராண்டைசும் ஹாவார்ட் சட்ட சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இவ்வுரிமை பற்றிய நவீன சிந்தனைக்கு வித்திட்டது. 1948 இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 12 ஆம் உறுப்புரை, எவரது அந்தரங்க வாழ்விலும் எதேச்சையாகத் தலையிடலாகாது என்று விதித்தது. குற்றமற்றவருக்கு மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்னும் வினா இக்கருத்தின் முன் வலுவிழக்கிறது. மறைக்க எதுவும் இல்லாதவருக்கும் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் உரிமை உண்டு.

எனினும், விளையாட்டு நிறுவனங்கள் வீரரின் உடலுக்குள் நோக்க நேர்ந்தமைக்குத் தக்க காரணம் இல்லாமலில்லை. உதைபந்தாட்டத்திற் பந்தைக் கையால் தொடுபவனை நடுவர் காண்கிறார். ஊக்கமருந்தை உட்கொண்டவனை எந்த நடுவரும் காண்பதில்லை. 1988 இல் சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜோன்சன் 100 மீற்றரை 9.79 செக்கனில் ஓடியபோது, அரங்கிலிருந்த எவர் கண்ணுக்கும் விதிமீறல் புலப்படவில்லை. பின்னர் நடந்த சிறுநீர்ப் பரிசோதனையே ஸ்டனோசொலோல் என்னும் மருந்தைக் காட்டிக்கொடுத்தது. விதிமீறல் மைதானத்திலன்றி உடலினுள்ளே, அதுவும் போட்டிக்குப் பல வாரங்கள் முன்னரே நிகழுமாயின், நடுவரின் பார்வையும் அவ்விடத்துக்கும் அக்காலத்துக்கும் செல்லவேண்டும் என்னும் தருக்கம் இங்கிருந்தே பிறந்தது.

1999 இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் தாபிக்கப்பட்டது. 2004 இல் அதன் விதிக்கோவை நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ்ப் பரிசோதனைப் பட்டியலில் உயர்நிலையில் உள்ள வீரர் ஒவ்வொரு நாளும் எங்கே தங்குவார், எங்கே பயிற்சி செய்வார் என்பதை முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். தம்மைத் தவறாது சந்திக்கக்கூடிய 60 நிமிட நேரமொன்றையும் நாள்தோறும் குறித்துக் கொடுக்கவேண்டும். 12 மாதங்களுள் மூன்று முறை தவறினால் அது விதிமீறலாகும். சிறுநீர் பெறப்படும்போது அதிகாரியொருவர் நேரே நின்று பார்ப்பார். குருதியின் அளவீடுகள் ஆண்டுக்கணக்கில் உயிரியற் கடவுச்சீட்டு எனப்படும் பதிவிற் சேர்க்கப்படும். நோய்க்காகத் தடைசெய்யப்பட்ட மருந்தை உட்கொள்ளவேண்டிய வீரர், மருத்துவச் சான்றுகளைச் சமர்ப்பித்துச் சிகிச்சைக்கான விலக்குப் பெறவேண்டும். சிறையிலிருந்து பிணையில் விடப்பட்டவர் மீதும் இத்தனை கண்காணிப்பு விதிக்கப்படுவது அரிது.

இதனைக் கண்டு, மறைப்பது எப்போதும் வீரரைக் காக்கும் என்று முடிவுசெய்வதும் பிழையாகும். முன்னைய கிழக்கு ஜேர்மனியின் வரலாறு அதற்குச் சான்று. அங்கு அரசே ஊக்கமருந்துத் திட்டமொன்றை நடத்தியது. பெண் பிள்ளைகள் பலருக்கு ஓறல் ரூரினபோல் மாத்திரைகள் அவை யாவை என்று அறிவிக்கப்படாமலே கொடுக்கப்பட்டன. அளவுகளும் விளைவுகளும் கவனமாகப் பதியப்பட்டன. அப்பதிவுகளோ உரிய பிள்ளைகளிடமிருந்தே மறைக்கப்பட்டன. 1990 இல் ஜேர்மனி ஒன்றிணைந்த காலத்தில் வேர்னர் பிராங்கேயும் பிரிகிற்றே பெரெண்டொங்கும் அவ்வாவணங்களைத் தேடி வெளிக்கொணர்ந்த பின்னரே பலர் தம் உடலுக்கு நேர்ந்ததை அறிந்தனர். 2000 ஆம் ஆண்டில் அத்திட்டத்தின் தலைவர்களான மன்பிரெட் ஏவால்டும் மன்பிரெட் ஹொப்னரும் நீதிமன்றத்தாற் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். நிறுவனத்தின் இரகசியம் வேறு, வீரரின் அந்தரங்கம் வேறு என்பதை இவ்வரலாறு தெளிவாக்குகிறது. முன்னது பின்னதன் பெயரைச் சூடிக்கொண்டு வருவதுண்டு. அதனை அடையாளங் காணல் வேண்டும்.

ஆகவே, அறிதல் வேண்டும் என்பது ஒரு பக்கம். அறியப்படுபவர் மனிதர் என்பது மறுபக்கம். இவ்விரண்டையும் இணக்குவதற்கு வழமையாக முன்வைக்கப்படுவது சம்மதம் என்னும் வாதமாகும். வீரர் விரும்பியே போட்டிக்கு வருகிறார். விதிகளை ஏற்றுக் கையொப்பமிடுகிறார். பின்னர் முறையிடுவது எங்ஙனம் பொருந்தும் என்பர். மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து இவ்வாதம் வலுவுடையதாகத் தோன்றும். ஆனால், சம்மதம் என்பது மறுக்கக்கூடிய இடத்திலேயே சம்மதமாகும். பத்து வயது தொட்டு நீச்சற் தடாகத்திலும் ஓட்டப் பாதையிலும் வாழ்வைச் செலவிட்ட ஒருவர் முன் ஒரு படிவம் வைக்கப்படுகிறது. கையொப்பமிட மறுப்பின் அவருக்கு வேறு சங்கம் இல்லை. வேறு ஒலிம்பிக் இல்லை. உலகில் ஒரு விளையாட்டுக்கு ஒரே சம்மேளனம் இருக்கையில், அதன் படிவம் வேண்டுகோளாக அன்றிக் கட்டளையாகவே அமைகிறது.

மறுக்கும் வலிமை உள்ளவர் மறுத்ததையும் காணலாம். 2009 இல் இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டுச் சபை, வீரர்களின் அந்தரங்கத்தையும் பாதுகாப்பையும் காரணங் காட்டி, இருப்பிடத் தகவல் விதியை ஏற்க மறுத்தது. 2019 இலேயே அது தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையத்தின் பரிசோதனைக்கு இணங்கியது. செல்வமும் செல்வாக்கும் மிக்க சபைக்குப் பத்தாண்டுகள் தாமதிக்க முடிந்தது. சைக்கிளோட்ட வீரரோ பாரந்தூக்கும் வீராங்கனையோ ஒரு நாளும் தாமதித்திருக்க முடியாது. சம்மதம் என்று கூறப்படுவது எத்துணை தூரம் வலிமையைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

சம்மதம் போதாது எனின், இந்நடைமுறை முழுவதும் அநீதியானதா? அவ்வாறும் கூறுவதற்கில்லை. பிரான்சிய வீரர்களும் அவர்தம் சங்கங்களும் இருப்பிடத் தகவல் விதிக்கெதிராகத் தொடுத்த வழக்கில், 2018 ஜனவரி 18 ஆம் திகதி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்விதி அந்தரங்க வாழ்விற் தலையிடுகிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆயினும், வீரர்களின் உடல்நலத்தையும் போட்டியின் நேர்மையையும் காக்கும் நோக்கம் அத்தலையீட்டை நியாயப்படுத்துகிறது என்று கண்டது. இத்தீர்ப்பின் உட்பொருள் கூர்ந்து நோக்கத்தக்கது. தலையீட்டை நியாயமாக்குவது வீரரின் கையொப்பம் அன்று. சக வீரர்களுக்கு நேர்மை செய்யவேண்டும் என்னும் நோக்கமே. எனவே, எந்த நோக்கம் ஓர் அறிதலை அனுமதிக்கிறதோ, அந்த நோக்கமே அவ்வறிதலுக்கு எல்லையும் வகுக்கிறது. ஊக்கமருந்து உண்டா என்னும் வினாவுக்கு விடை காணப் பெறப்பட்ட குருதி, அவ்வினாவுக்கு மட்டுமே விடை சொல்லவேண்டும். அதற்கு அப்பால் அக்குருதியிடம் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியும் அனுமதியற்ற கேள்வியாகும். மனிதரை ஒருபோதும் வெறுங் கருவியாகக் கொள்ளற்க என்னும் கான்ற்றின் அறநெறியும் ஈண்டு இதே முடிவுக்கே இட்டுச் செல்லும்.

இவ்வெல்லை மீறப்பட்டபோது நேர்ந்தது யாது என்பதைப் பெண் வீராங்கனைகளின் வரலாறு காட்டுகிறது. 1968 முதல் ஒலிம்பிக்கிற் பெண்களின் நிறமூர்த்தங்கள் பரிசோதிக்கப்பட்டுச் சான்றிதழ் வழங்கப்பட்டது. ஸ்பானியத் தடைதாண்டல் வீராங்கனையான மரியா ஹோசே மார்ட்டினெஸ் பத்தீன்யோ 1983 இல் அச்சான்றிதழைப் பெற்றிருந்தார். 1985 இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டு விழாவுக்குச் சென்றபோது, அதனை வீட்டில் மறந்துவிட்டார். மீண்டும் பரிசோதிக்கப்பட்டார். காயம் என்று காரணங் கூறி விலகுமாறு பணிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு தேசியப் போட்டியின்போதும் அதே அறிவுரை, இம்முறை அச்சுறுத்தலுடன் வந்தது. அவர் விலகவில்லை, ஓடினார், வென்றார். அதன் பின்னர் அவருடைய பரிசோதனை முடிவு பத்திரிகைகளில் வெளிவந்தது. புலமைப்பரிசிலும் விடுதி வசதியும் பறிக்கப்பட்டன. நிலைநாட்டிய சாதனைகள் பதிவேட்டிலிருந்து அழிக்கப்பட்டன. 1988 இற் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் அவரை மீண்டும் ஏற்றுக்கொண்டது. அதற்குள் ஓட்டக்காரி ஒருத்தியின் சிறந்த ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இங்கு நிகழ்ந்தது வெறுமனே கவனக்குறைவு அன்று. பணியாதவரைத் தண்டிக்கும் ஆயுதமாக மருத்துவ உண்மை பயன்பட்டது. பின்னர், 2005 இல் பத்தீன்யோ தமது வரலாற்றை 'த லான்செற்' என்னும் மருத்துவ சஞ்சிகையில் தாமே எழுதினார். 1986 இற் பத்திரிகைகள் எழுதியதும் 2005 இல் அவர் எழுதியதும் ஒரே செய்திதான். ஆயினும், முன்னது வன்முறை, பின்னது சாட்சியம். செய்தி மாறவில்லை, சொல்பவர் மாறினார். அந்தரங்கம் என்பதன் பொருள் முழுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியிற் செங்கற் சூளைத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 இல் தோஹா ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். சில நாட்களுள் அவர் பாற் பரிசோதனையிற் தேறவில்லை என்னும் செய்தி ஊடகங்களிற் பரவியது, பதக்கம் பறிக்கப்பட்டது. 2009 இற் பேர்லினில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியில், பதினெட்டு வயதேயான தென்னாபிரிக்க வீராங்கனை காஸ்ரர் செமென்யா இறுதி ஓட்டத்தில் ஓடவிருந்த அன்றே, அவரைப் பரிசோதிக்கக் கோரப்பட்டிருப்பதைச் சம்மேளனம் ஊடகங்களுக்கு உறுதிப்படுத்தியது. இவ்விருவரின் உடல் பற்றி உலகம் பேசியவற்றை இங்கு மீட்டுரைத்தல் தகாது. அது முன்னைய தவறைத் தொடர்வதாகும். பெண்கள் பிரிவில் யார் போட்டியிடலாம் என்பது பற்றி நியாயமான கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். அவ்வினாவுக்கு எவ்விடை கூறினும், அவ்விடையை மூடிய அறையிற் கூறியிருக்கலாம் என்பதில் வேறுபாட்டுக்கு இடமில்லை.

இவ்வினா பழங்கதையாகிவிடவில்லை. பெண்கள் பிரிவில் உலகத் தரவரிசைப் போட்டிகளிற் பங்குபற்ற விரும்புவோர் வாழ்நாளில் ஒரு தடவை மரபணுப் பரிசோதனைக்கு உட்படவேண்டும் என்னும் விதியைச் சர்வதேச மெய்வல்லுநர் நிறுவனம் 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி முதல் நடைமுறைப்படுத்தியது. குருதி நாளுக்கு நாள் மாறும், மரபணு மாறாது. அது ஒருவருடையது மாத்திரமன்று. தாய்க்கும் தமக்கைக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் உரிய செய்தியும் அதில் உண்டு. ஒருவர் கையொப்பமிட, அவரோடு பலர் அறியப்படுகின்றனர். ஆதலின், இவ்வறிதலைக் காக்கும் கடமை முன்னையவற்றினும் கனமானது.

காக்கத் தவறின் நேர்வதற்கு 2016 ஆம் ஆண்டு உதாரணம். றியோ ஒலிம்பிக் முடிந்த மறுமாதம், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையத்தின் தரவுத்தளத்துள் ஊடுருவிய குழுவொன்று, சிமோன் பைல்ஸ், வீனஸ் வில்லியம்ஸ், செரீனா வில்லியம்ஸ் முதலியோரின் மருத்துவ விலக்கு ஆவணங்களை வெளியிட்டது. போலி மின்னஞ்சல் மூலம் கடவுச்சொற்களைப் பெற்றே அவர்கள் உட்புகுந்தனர். 2018 ஒக்டோபரில் அமெரிக்க நீதித் திணைக்களம் ரஷ்ய இராணுவப் புலனாய்வு அதிகாரிகள் எழுவர் மீது குற்றஞ் சுமத்தியது. பெயர் வெளியிடப்பட்ட அவ்வீராங்கனைகள் எவ்விதியையும் மீறவில்லை. விதி கேட்ட யாவற்றையும் ஒளிக்காது ஒப்படைத்திருந்தனர். ஒப்படைத்ததன் பயனாகவே அம்பலத்துக்கு வந்தனர். தமது நிலை குறித்து வெட்கப்பட எதுவுமில்லை என்று பைல்ஸ் துணிவுடன் கூறினார். அத்துணிவு போற்றத்தக்கது. ஆனால், அவர் அங்ஙனம் துணிய நேர்ந்ததே அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியாகும்.

திருடியவர் வேறொருவராயிருக்க, காத்தவரை எங்ஙனம் குறைகூறலாம் என்று கேட்கலாம். இவ்விடத்திற் தமிழ் மரபு நன்கறிந்த ஒரு கருத்து துணைசெய்யும். சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையிற் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் முதுமகளாகிய மாதரியிடம் ஒப்படைக்கிறார். கோவலன் கொலையுண்டதில் மாதரிக்குப் பங்கில்லை. பொற்கொல்லன் சூழ்ச்சியும் பாண்டியன் தீர்ப்பும் அவள் அறியாதவை. ஆயினும், அடைக்கலத்தைக் காக்கத் தவறியதாகக் கருதி அவள் தீயிற் பாய்ந்தாள் என்று நீர்ப்படைக் காதை கூறும். அவள் முடிவை எவரும் பின்பற்றவேண்டியதில்லை. ஆனால், அடைக்கலப் பொருளுக்கு நேரும் தீங்கு, அதனை ஏற்றவர் இழைத்ததன்றாயினும் ஏற்றவரையே சாரும் என்னும் அவள் உணர்வு, தரவுகளைத் திரட்டும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேண்டிய உணர்வாகும். வீரர் தரும் தகவல் நிறுவனத்தின் சொத்தன்று; அடைக்கலம்.

பரிசோதனைக்கூடத்துக்கு வெளியேயும் இன்று வீரரின் உடல் அளக்கப்படுகிறது. பயிற்சியின்போது அணியும் உள்ளங்கி அவர் ஓடிய தூரத்தையும் வேகத்தையும் செய்மதி வழியே குறித்துக்கொள்கிறது. இதயத் துடிப்பும் உறக்கமும் கருவிகளால் எண்ணப்படுகின்றன. காயத்தைத் தடுக்க என்றே இவை தொடங்கப்படுகின்றன, அந்நோக்கம் நல்லது. ஆனால், காயம் வருமென்று கண்ட அதே எண், அவரது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் வேளையிற் சம்பளத்தைக் குறைக்கவும் அவரை அணியிலிருந்து விலக்கவும் பயன்படக்கூடும். பயிற்றுநர் மருத்துவரைப்போலக் கேட்டதை முகாமையாளர் வணிகரைப்போலப் பயன்படுத்தினால், அது நம்பிக்கைத் துரோகமன்றி வேறென்ன? அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பாடசாலை வீராங்கனைகளின் மருத்துவப் படிவத்தில் மாதவிடாய் பற்றிய வினாக்கள் இடம்பெற்றிருந்தன. அவற்றுக்கு விடையளிப்பதைக் கட்டாயமாக்கும் முன்மொழிவு பெற்றோரின் எதிர்ப்பைக் கிளப்பியதையடுத்து, 2023 பெப்ரவரியில் அவ்வினாக்களே நீக்கப்பட்டன. மருத்துவர் அறியவேண்டியதைப் பாடசாலை அலுவலகம் அறியவேண்டியதில்லை என்னும் எளிய உண்மை அங்கு காலந்தாழ்த்தி உணரப்பட்டது.

அந்தரங்கத்தைக் காப்பது ஏமாற்றுவோருக்கு நிழலாகும் என்னும் எதிர்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. சிகிச்சை விலக்கைச் சூழ்ச்சியாகப் பயன்படுத்துவோர் இருக்கலாம். ஆனால், அதற்குப் பரிகாரம் மக்கள் திரள் முன் ஆவணங்களைக் கொட்டுதலன்று; சுதந்திரமான மருத்துவக் குழுவொன்று அவற்றை ஆராய்தலே. மக்களுக்குரியது தீர்ப்பு, குருதியின் அளவுகளல்ல. விதிமீறல் நிறுவப்பட்டபின் அதனைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என உலக விதிக்கோவையே விதிக்கிறது. பராயமடையாதோர் விடயத்தில் அக்கட்டாயத்தை அதுவே தளர்த்தியும் உள்ளது. வெளிப்படைத்தன்மை நிறுவனத்துக்கு உரிய கடமை, அந்தரங்கம் தனியாளுக்கு உரிய உரிமை என்று பகுத்துக்கொண்டால் இரண்டும் முரண்படமாட்டா.

இவற்றிலிருந்து பெறப்படும் கடமைகள் சிலவே. வினாவுக்கு வேண்டியதை மட்டுமே கேட்டல். எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதை முதலிற் கூறுதல். முடிவை எவருக்கும் முன்னர் உரியவருக்கே தெரிவித்தல். அறிந்தோர் தொகையைச் சுருக்குதல். நோக்கம் நிறைவேறியதும் அழித்தல். இழப்பு நேரின் பொறுப்பேற்றல். இலங்கையில் ஊக்கமருந்துத் தடுப்புக்கு 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டமும், தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் இயற்றப்பட்டுள்ளன. முன்னது அறிவதற்கு அதிகாரம் அளிக்கிறது. பின்னது அறிந்தவரைக் கட்டுப்படுத்த முனைகிறது. ஆனால், சட்டம் எட்டாத இடங்கள் பல. பாடசாலை அணித் தெரிவில், மாவட்டச் சங்கத்தின் அலுமாரியில், பல்கலைக்கழக உடற்கல்விப் பகுதியின் கோப்பில், பூட்டின்றிக் கிடக்கும் மருத்துவப் படிவத்தைக் காப்பது சட்டமன்று. அதனைக் கையில் வாங்கும் ஆசிரியரின் மனச்சான்றே. படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் மாணவி, இது யாரிடம் போகும் என்று கேட்கத் தயங்கலாம். அவள் கேட்காத அக்கேள்விக்கும் விடை வைத்திருப்பதே நிறுவனத்தின் அறம்.